மீன் வாடை அடிக்கும் பசுமை: லித்தியம் பேட்டரி மறுசுழற்சியும் கரைப்பான்களும்

"பழைய பேட்டரியிலிருந்து கோபால்ட்டை மீட்கப் பசுமைக் கரைப்பான்" என்கிற மாதிரித் தலைப்புகள் கடந்த ஐந்தாறு வருடங்களாக அடிக்கடி கண்ணில் படுகின்றன. கோழித்தீவனத்தில் சேர்க்கும் ஒரு உப்பு, கார் ரேடியேட்டரில் ஊற்றும் ஒரு திரவம், இரண்டையும் கலந்தால் பேட்டரித் தூள் கரைந்துவிடும், கந்தக அமிலம் வேண்டாம், உலையும் வேண்டாம் என்று செய்தி போகும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கரைப்பானை 180 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தால் அதற்கு என்ன ஆகிறது என்று பெல்ஜியத்தில் ஒரு குழு சோதித்துப் பார்த்தது. அதிலிருந்து வெளிவந்தவற்றில் ஒன்று, அழுகிய மீனின் வாடைக்குக் காரணமான அதே வாயு. இன்னொன்று, வாடையால் எச்சரிக்காத, அதைவிட மோசமான ஒரு நஞ்சு.

இதை வைத்து "பசுமை வேதியியல் எல்லாம் ஏமாற்று" என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் கண்டுபிடிப்பும் நேர்மையானது, அதைச் சோதித்தவர்களின் வேலையும் நேர்மையானது. ஒரு கரைப்பான் "பச்சை" என்று நாம் சொல்லும்போது உண்மையில் எதைச் சொல்கிறோம் என்பதுதான் என் கேள்வி. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுபவன், வேதியியல் ஆர்வத்தால் படிப்பது. அதனால் அடிப்படையிலிருந்தே போகிறேன்.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியும், இன்று உங்கள் கைப்பேசியில் இருப்பதும் கட்டமைப்பில் ஏறக்குறைய ஒன்றுதான். மெல்லிய அலுமினியத் தகட்டின் மேல் கேத்தோடு தூள். மெல்லிய செப்புத் தகட்டின் மேல் கிராஃபைட் தூள், அது ஆனோடு. நடுவில் நுண்துளைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் படலம். எல்லாம் ஒரு திரவத்தில் ஊறியிருக்கும்.

விலை மதிப்பெல்லாம் பெரும்பாலும் கேத்தோடில்தான். ஜான் குட்இனஃப் குழு 1980-இல் அறிவித்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடு இன்னும் கைப்பேசிகளில் ஓடுகிறது. அவருக்கும் ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகியோருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தத் தூள் ஒரு கிலோ எடுத்தால், அணு எடைக் கணக்கின்படி சுமார் 600 கிராம் கோபால்ட், 70 கிராம் லித்தியம், மீதி ஆக்சிஜன். உலகில் வெட்டியெடுக்கும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களின் நிலை பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஏற்கனவே வெட்டியெடுத்து நம் மேஜை இழுப்பறையில் தூங்கும் கோபால்ட்டைத் திரும்ப எடுக்க முடிந்தால் நல்லதுதானே?

தூள் தகட்டில் எப்படி ஒட்டியிருக்கிறது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம், பின்னால் தேவைப்படும். பி.வி.டி.எஃப். என்று ஒரு ஃப்ளோரின் கலந்த பிளாஸ்டிக் இருக்கிறது. அதுதான் பசை. அதை என்.எம்.பி. என்ற கரைப்பானில் கரைத்து, கேத்தோடு தூளைச் சேர்த்து, தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, அலுமினியத் தகட்டில் மெல்லிசாகப் பூசிக் காயவைப்பார்கள். என்.எம்.பி. ஆவியாகிப் போக, தூளும் பசையும் தகட்டோடு தங்கிவிடும்.

ஆக, பழைய பேட்டரியிலிருந்து உலோகத்தை எடுக்க இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, தூளைத் தகட்டிலிருந்து உரிப்பது. இரண்டு, தூளைக் கரைத்து உலோகங்களைத் தனித்தனியாகப் பிரிப்பது. "பசுமைக் கரைப்பான்" என்று செய்திகளில் வருவது சில சமயம் முதல் வேலைக்கு, சில சமயம் இரண்டாவதுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எதுவும் புரியாது. முதலில் இரண்டாவது வேலையைப் பார்ப்போம்.

இப்போது எப்படிச் செய்கிறார்கள்?

ஒரு வழி நெருப்பு. பேட்டரியை அப்படியே 1,400 டிகிரிக்கு மேல் ஓடும் உலையில் போடுவது. பிளாஸ்டிக்கும் கிராஃபைட்டும் எரிந்துவிடும். கோபால்ட், நிக்கல், செம்பு மூன்றும் கலந்த உலோகக் கலவை அடியில் வரும். லித்தியமும் அலுமினியமும் கசடோடு போய்விடும். எளிமையான முறைதான், எந்த வகை பேட்டரி வந்தாலும் சமாளிக்கும். ஆனால் ஆற்றல் அதிகம் தேவை, லித்தியத்தைக் கசடிலிருந்து எடுப்பது தனி வேலை.

இன்னொரு வழி அமிலம். பேட்டரியை அரைத்து, சலித்து, கறுப்பாக ஒரு தூள் எடுப்பார்கள். இந்தத் தொழிலில் அதற்குப் பெயரே 'பிளாக் மாஸ்'தான். அதைக் கந்தக அமிலத்தில் போட்டு, கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ப்பார்கள். பெராக்சைடு எதற்கு? தூளில் கோபால்ட் 3+ நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் லேசில் கரையாது. ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து 2+ ஆக்கினால் கரைந்துவிடும். அந்த எலக்ட்ரானைக் கொடுப்பது பெராக்சைடின் வேலை. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கரைப்பான் வந்தாலும் யாராவது ஒருவர் அந்த எலக்ட்ரானைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்த முறையின் பிரச்சினை அமிலம் ஆபத்தானது என்பது மட்டும் இல்லை. வேதிச் சமன்பாட்டைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால், ஒரு கிலோ லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கரைக்கக் குறைந்தது ஒன்றரைக் கிலோ கந்தக அமிலம் வேண்டும். பிறகு சோடா வகைகளைச் சேர்த்து உலோகங்களை வீழ்படிவாக எடுக்கும்போது, அந்த அமிலத்தின் சல்ஃபேட் முழுக்க சோடியம் சல்ஃபேட்டாக மாறும். எவ்வளவு? சுமார் 2.2 கிலோ. உள்ளே போட்டது ஒரு கிலோ தூள், வெளியே வருவது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உப்பு. சோப்புத் தூளிலும் கண்ணாடித் தொழிலிலும் இதற்குப் பயன் உண்டுதான். ஆனால் பேட்டரிகள் டன் கணக்கில் வரும்போது இந்த உப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது உண்மையான தலைவலி.

அப்போ, அமிலத்துக்குப் பதிலாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய ஒரு திரவம் இருந்தால்? இங்கேதான் புதுக் கரைப்பான்கள் வருகின்றன.

இரண்டு திடப்பொருள், ஒரு திரவம்

குல்ஃபி விற்பவர் பானையில் ஐஸோடு கல் உப்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும், உப்பு 801 டிகிரியில் உருகும். இரண்டும் சேர்ந்தால் பூஜ்யத்துக்குக் கீழே, ஏறக்குறைய மைனஸ் 21 டிகிரி வரை திரவமாக இருக்க முடியும். எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் கை வைத்தவர்களுக்கு இன்னொரு உதாரணம்: ஈயம் 327 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 232-இல் உருகும். சரியான விகிதத்தில் கலந்த சால்டர் கம்பி 183-லேயே உருகிவிடும். இப்படி, கலவையின் உருகுநிலை அதன் கூறுகள் ஒவ்வொன்றின் உருகுநிலையையும் விடக் கீழே இறங்கி, ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் அடிமட்டத்தைத் தொடும். அந்தப் புள்ளியைத்தான் யூடெக்டிக் என்கிறார்கள்.

2003-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ அபோட் குழு இதையே கரைப்பானாக மாற்றியது. கோலின் குளோரைடு என்ற உப்பு, 302 டிகிரியில் உருகும். யூரியா, நாம் வயலில் போடும் அதே யூரியா, 133 டிகிரியில் உருகும். இரண்டையும் ஒன்றுக்கு இரண்டு என்ற மூலக்கூறு விகிதத்தில் கலந்தால் உருகுநிலை 12 டிகிரி! சாதாரண அறையிலேயே இரண்டு வெள்ளைத் தூள்கள் சேர்ந்து தெளிந்த திரவமாகிவிடும். வீழ்ச்சி இவ்வளவு ஆழமாக இருப்பதால் 'டீப் யூடெக்டிக்' கரைப்பான் என்று பெயர். வழக்கமான கரைப்பான்கள் போல இவை எளிதில் ஆவியாவதில்லை, எளிதில் தீப்பிடிப்பதில்லை. விலையும் மலிவு. பல உலோக ஆக்சைடுகளைக் கரைக்கும்.

கோலின் நம் உடலுக்குத் தேவையான சத்து. முட்டையின் மஞ்சள் கருவில் நிறைய இருக்கிறது. கோலின் குளோரைடைக் கோழித்தீவனத்தில் சேர்க்கிறார்கள். "உயிரினங்கள் சாப்பிடும் பொருளிலிருந்து செய்த கரைப்பான்" என்ற வர்ணனை இங்கிருந்துதான் வந்தது. இதைவிடப் பசுமையான பொருள் வேறென்ன இருக்க முடியும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

2019, ஹூஸ்டன்

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் புலிக்கல் அஜயன், கேரளத்தில் பிறந்தவர், நானோ பொருள் ஆராய்ச்சியில் பெரிய பெயர். அவரது குழு 2019-இல் 'நேச்சர் எனர்ஜி' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. யூரியாவுக்குப் பதில் எத்திலீன் கிளைக்கால், அதாவது கார் கூலன்ட்டில் இருக்கும் பொருள். அதைக் கோலின் குளோரைடோடு கலந்து, அதில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைப் போட்டு, சமையல் எண்ணெய் காயும் அளவுக்குச் சூடாக்கினார்கள். 180 டிகிரியும் அதற்கு மேலும். கோபால்ட், லித்தியம் இரண்டிலும் 90 சதவீதம் அளவுக்குக் கரைந்து வந்தது. அலுமினியத் தகடும் பசையும் கரையாமல் தனியே நின்றன.

அமிலமும் பெராக்சைடும் இல்லாமல் அந்த எலக்ட்ரானைக் கொடுத்தது யார்? எத்திலீன் கிளைக்கால்தான். அது ஆக்சிஜனேற்றம் அடைந்து, கோபால்ட்டை 3+ இலிருந்து 2+ ஆக இறக்கியது. பிறகு குளோரைடு அயனிகள் கோபால்ட்டைச் சூழ்ந்துகொண்டு கரைசலில் வைத்துக்கொண்டன. கரைப்பானே கரைக்கும் வேலை, எலக்ட்ரான் கொடுக்கும் வேலை இரண்டையும் பார்த்தது. அழகான யோசனை. இதைப் பின்தொடர்ந்து நிறைய ஆய்வுகள் வந்தன.

ஆனா ஒரு நிமிடம் நின்று யோசித்தால் இங்கேயே ஒரு நெருடல் இருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் எலக்ட்ரானைக் கொடுத்தது என்றால், அந்த எத்திலீன் கிளைக்கால் செலவாகிவிட்டது என்று பொருள். அது வேறு ஒரு பொருளாகிக் கரைசலுக்குள்ளேயே இருக்கிறது. கரைப்பான் 'மறுபடி மறுபடி பயன்படும்' என்று சொல்லும்போதே அதன் ஒரு பகுதி ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருள் மாதிரித் தீர்ந்துகொண்டிருக்கிறது.

2022, லூவன்

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கூன் பின்னமன்ஸ், சோஃபியா ரியான்யோ ஆகியோரின் குழு கேட்டது இன்னும் நேரடியான கேள்வி: 180 டிகிரியில் இந்தக் கரைப்பான் கரைப்பானாகவே இருக்கிறதா? 'கிரீன் கெமிஸ்ட்ரி' இதழில் 2022-இல் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே, உயர் வெப்பநிலையில் இவை உண்மையிலேயே பசுமையானவையா என்ற கேள்வி இருக்கிறது.

பதில்: இல்லை. கோலின் குளோரைடு உடைகிறது. உடைந்து வருபவற்றில் முக்கியமான இரண்டு, டிரைமெத்தில் அமீனும் 2-குளோரோஎத்தனாலும்.

ஏன் குறிப்பாக இந்த இரண்டும்? இதற்கு மர்மமான விளக்கம் எதுவும் தேவையில்லை. கோலின் குளோரைடைத் தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும். டிரைமெத்தில் அமீன், ஹைட்ரோகுளோரிக் அமிலம், எத்திலீன் ஆக்சைடு மூன்றையும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். கடைசி இரண்டையும் மட்டும் சேர்த்தால் கிடைப்பது 2-குளோரோஎத்தனால். அதாவது, சூடாக்கும்போது கோலின் குளோரைடு தான் வந்த வழியே திரும்பிப் போகிறது. உள்ளே இருக்கும் குளோரைடு அயனி கோலினின் ஒரு பிணைப்பை வெட்ட, மூலக்கூறு சரியாக இரண்டாக உடைகிறது. ஒரு அணு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டிரைமெத்தில் அமீன்தான் அந்த மீன் வாடை. 2-குளோரோஎத்தனால் அதைவிடக் கவலைப்பட வேண்டியது. கடுமையான நஞ்சு, தோல் வழியாகவே உடலுக்குள் போகும். 2020-இல் ஐரோப்பாவில் இந்திய எள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட விவகாரம் சிலருக்கு நினைவிருக்கலாம். எத்திலீன் ஆக்சைடு எச்சம்தான் காரணம். அந்த எச்சத்தை அளக்கும்போது ஐரோப்பிய விதி எத்திலீன் ஆக்சைடையும் 2-குளோரோஎத்தனாலையும் கூட்டித்தான் கணக்குப் போடுகிறது. உணவில் மிகச்சிறு அளவில் இருந்தாலே சரக்கைத் திருப்பி அனுப்பும் பொருள் இது.

கோழித்தீவனத்தில் போடும் பொருள் என்பது உண்மை. கோழி அதைச் சாப்பிடும் வெப்பநிலை 180 டிகிரி இல்லை என்பதும் உண்மை. ஒரு பொருளின் பாதுகாப்புச் சான்று அது பயன்படும் சூழலுக்குத்தான் செல்லும். மென்பொருளில் இது எங்களுக்குப் பழகிய விஷயம். ஒரு லைப்ரரி பத்துப் பேர் பயன்படுத்தும்போது சோதனைகளில் தேறிவிட்டது என்பதால் லட்சம் பேர் வரும்போதும் நிற்கும் என்று யாரும் கையெழுத்துப் போடமாட்டோம்.

இதே லூவன் குழு அதற்கு முன்பே, 2020-இல், ஒரு மாற்று வழியையும் காட்டியிருந்தது. எத்திலீன் கிளைக்காலுக்குப் பதில் சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பது. எலக்ட்ரானைக் கொடுக்க, பேட்டரியிலேயே ஏற்கனவே இருக்கும் அலுமினியமும் செம்பும். எலக்ட்ரான் கொடுக்கும் வேலையைக் கரைப்பானிடமிருந்து பிடுங்கி உலோகத்திடம் கொடுத்ததால் அவ்வளவு வெப்பம் தேவைப்படவில்லை, மிதமான சூட்டிலேயே கோபால்ட் கரைந்தது. ரைஸ் குழுவும் சும்மா இருக்கவில்லை. 2024-இல் அதே கோலின் குளோரைடு கலவையை மைக்ரோவேவில் சூடாக்கி, 15 நிமிடத்தில் 87 சதவீத லித்தியத்தை எடுத்ததாக வெளியிட்டார்கள். எண்ணெய்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கினால் அதே அளவுக்கு 12 மணி நேரம் ஆகும். கரைப்பான் சூட்டில் கிடக்கும் நேரம் குறைந்தால் உடைவதற்கான வாய்ப்பும் குறையும் என்பதால், எனக்கு இது வேகத்தை விட வேறொரு காரணத்துக்காக முக்கியமாகப் படுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

கரைப்பான் உடையவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பசுமையா? இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் என் உதாரண எண்கள், எந்த ஆலையின் தரவும் இல்லை.

லிட்டருக்கு 50 கிராம் தூள் கரைகிறது என்று வைப்போம். அப்படியென்றால் ஒரு கிலோ தூளுக்கு 20 லிட்டர் கரைப்பான். ஒவ்வொரு சுற்றிலும் 95 சதவீதத்தைத் திரும்ப எடுக்கிறோம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 20 லிட்டரில் 5 சதவீதம் என்றால் ஒரு லிட்டர். ஒரு கிலோ தூளுக்கு ஒரு லிட்டர் கரைப்பான் கழிவாகப் போகிறது. புதிதாக ஊற்றாமல் அதையே ஓட்டினால் 10 சுற்றில் 60 சதவீதம்தான் மிஞ்சும், 50 சுற்றில் 8 சதவீதம்கூட இருக்காது. 99 சதவீதம் மீட்டால்? ஒரு கிலோவுக்கு 200 மில்லி இழப்பு, 50 சுற்றுக்குப் பிறகு 60 சதவீதம் மிச்சம். அதாவது 95-க்கும் 99-க்கும் உள்ள வித்தியாசம் நான்கு இல்லை, ஐந்து மடங்கு.

அடுத்தது, கரைந்த கோபால்ட்டை வெளியே எடுக்க வேண்டும். பல ஆய்வகச் செய்முறைகளில் தண்ணீர் சேர்த்து வீழ்படிவாக்குகிறார்கள், அல்லது கழுவுகிறார்கள். இந்தக் கரைப்பான்கள் பிசுபிசுப்பானவை. கோலின் குளோரைடும் யூரியாவும் சேர்ந்த கலவை அறை வெப்பத்தில் தண்ணீரைவிடப் பல நூறு மடங்கு கெட்டி, எத்திலீன் கிளைக்கால் கலவை சுமார் 40 மடங்கு. வடிகட்டவே தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். ஊற்றிய தண்ணீரைப் பிறகு ஆவியாக்கித் தள்ளினால்தான் பழைய கரைப்பான் திரும்பக் கிடைக்கும்.

ஒரு லிட்டர் தண்ணீரை முழுக்க ஆவியாக்கச் சுமார் 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். 20 லிட்டர் கரைப்பானுக்கு 20 லிட்டர் தண்ணீர் சேர்த்திருந்தால் 14 யூனிட். ஒப்பிட ஒரு எண் சொல்கிறேன். ஒரு கிலோ லித்தியம் கோபால்ட் ஆக்சைடு ஒருமுறை முழு சார்ஜில் சேமித்துத் தருவது ஏறக்குறைய 0.6 யூனிட். ஆலைகளில் ஆவியின் வெப்பத்தை மறுபடி பயன்படுத்தி இந்த 14-ஐ நிறையக் குறைக்கலாம். ஆனால் "பசுமை" என்பது திரவம் இருக்கும் பாட்டிலில் இல்லை, அதைச் சுற்றியுள்ள குழாய்களிலும் கொதிகலன்களிலும் இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு வரிக் கணக்குப் போதும்.

வேதியியலாளர்களுக்கு இது புதிதில்லை. ஒரு கிலோ பொருள் செய்ய எத்தனை கிலோ கழிவு என்று அளக்கும் 'ஈ-ஃபாக்டர்' என்ற அளவுகோலை ரோஜர் ஷெல்டன் 1992-லேயே முன்வைத்தார். பால் அனஸ்தாஸும் ஜான் வார்னரும் 1998-இல் தொகுத்த பசுமை வேதியியலின் 12 கொள்கைகளில் ஒன்று, கரைப்பான் போன்ற துணைப் பொருட்களை முடிந்தவரை தேவையே இல்லாமல் ஆக்க வேண்டும், தேவைப்பட்டால் தீங்கற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. வரிசையைக் கவனியுங்கள். 'தேவையில்லாமல் ஆக்கு' என்பது முதலில் வருகிறது.

பசையின் கதை

இப்போது முதல் வேலைக்கு வருவோம், தூளைத் தகட்டிலிருந்து உரிப்பது. பி.வி.டி.எஃப். பசையைக் கரைக்க எது நல்லது? பூசும்போது பயன்பட்ட அதே என்.எம்.பி.தான். ஆனால் அது கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல் அதைத் தொழிற்சாலையில் கையாளக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. பசையை எரித்துவிடலாம் என்றால், ஃப்ளோரின் இருப்பதால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வாயு வரும். அதுவும் விளையாட்டான விஷயம் இல்லை.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் இலியாஸ் பெல்ஹாரூவாக் குழு இதற்குச் சில மாற்றுகளை முயன்றது. அவற்றில் ஒன்று 'சைரீன்', மரக்கழிவு போன்றவற்றின் செல்லுலோஸிலிருந்து செய்யும் கரைப்பான். சூடான சைரீனில் பசை கரைகிறது, தூள் தகட்டை விட்டுக் கழன்றுவிடுகிறது. தூளின் படிக அமைப்பும் கெடுவதில்லை. இது முக்கியம். கரைத்து, பிரித்து, மறுபடி தூள் செய்வதற்குப் பதில், இருக்கும் தூளையே கொஞ்சம் லித்தியம் சேர்த்துச் சரிசெய்து மறுபடி பயன்படுத்தலாம். கோபால்ட்டோ நிக்கலோ இல்லாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளுக்கு இது இன்னும் பொருந்தும். அந்தத் தூளில் எடைப்படி லித்தியம் 4.4 சதவீதம், மீதி இரும்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன். அமிலத்தில் கரைத்தால் கைக்கு வரும் மதிப்பு கரைக்கும் செலவுக்கே காணாது.

கடைசியில் தண்ணீர்

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. 2021-இல் 'கிரீன் கெமிஸ்ட்ரி' இதழிலேயே ஒரு கட்டுரை வந்தது. தகட்டை ஒரு சக்திவாய்ந்த மீயொலிக் கருவியின் முனைக்கு அடியில் கொண்டுபோகிறார்கள். திரவத்தில் நுண்ணிய குமிழிகள் உருவாகி வெடிக்கின்றன. அந்த அதிர்ச்சியில் தூள் சில நொடிகளில் உரிந்து விழுகிறது. பசையைக் கரைக்கவே இல்லை, பிடியை மட்டும் விடுவிக்கிறார்கள். அந்தத் திரவம் எது? தண்ணீர், அல்லது மிகவும் நீர்த்த அமிலம்.

கட்டுரையை எழுதிய குழு எது தெரியுமா? லெஸ்டர் பல்கலைக்கழகம். ஆண்ட்ரூ அபோட். 2003-இல் யூரியாவையும் கோலின் குளோரைடையும் கலந்த அதே மனிதர். தான் புகழ்பெறக் காரணமான கரைப்பான்களை இந்த வேலைக்குத் திணிக்காமல், தண்ணீர் போதும் என்ற இடத்தில் தண்ணீரை வைத்தார். ஆராய்ச்சியில் இது லேசில் நடப்பதில்லை. கையில் சுத்தியல் இருந்தால் ஆணியைத் தேடும் பழக்கம் எல்லாத் துறையிலும் உண்டு, எங்கள் துறையில் ரொம்பவே உண்டு.

இதன் அடுத்த படி இன்னும் எளிமையானது. ஆனோடு பக்கம் பல பேட்டரிகளில் ஏற்கனவே தண்ணீரை வைத்துப் பூசக்கூடிய பசைதான் இருக்கிறது. செல்லுலோஸிலிருந்து செய்யும் சி.எம்.சி. என்பதும் ஒருவகை ரப்பரும் சேர்ந்தது. அதைப் பூசவும் நச்சுக் கரைப்பான் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம். கேத்தோடு பக்கமும் இப்படி ஒரு பசை நிலைபெற்றுவிட்டால், மறுசுழற்சிக்காரர் எந்தக் கரைப்பானைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே பாதி காணாமல் போய்விடும். அங்கே சிக்கல் இல்லாமல் இல்லை. நிக்கல் அதிகமுள்ள கேத்தோடு தூள் தண்ணீர் பட்டால் லித்தியத்தை இழக்கும், அலுமினியத் தகடும் அரிக்கப்படும். ஆனால் பிரச்சினை எந்த இடத்தில் இருக்கிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. பத்து வருடம் கழித்து யாரோ பிரிக்கப்போகும் பேட்டரியின் பசுமையில் பெரும்பகுதி, அதைப் பூசும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

தலைப்பைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை

இனி இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் நான் தேடும் ஐந்து விஷயங்கள்:

1. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம்? அந்தச் சூட்டில் கரைப்பான் உடைகிறதா என்று அளந்தார்களா?

2. கோபால்ட்டுக்கு எலக்ட்ரானைக் கொடுப்பது யார்? கரைப்பானே கொடுக்கிறது என்றால் அது தீர்ந்துகொண்டிருக்கிறது.

3. சோதித்தது கடையில் வாங்கிய சுத்தமான தூளா, அரைத்த உண்மையான பேட்டரியா? உண்மையான பிளாக் மாஸில் செம்பு, அலுமினியம், கிராஃபைட், ஃப்ளோரின் எல்லாம் கலந்திருக்கும்.

4. எத்தனை சுற்று மறுபயன்பாடு? ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு கரைப்பான் போனது?

5. உலோகத்தை வெளியே எடுத்தது எப்படி? கழுவிய தண்ணீர் எங்கே போனது?

இந்த ஐந்துக்கும் பதில் சொல்லும் கட்டுரைகள் இருக்கின்றன, அவற்றில் பல அதிகம் பேசப்படாதவை. முதல் கேள்விக்குப் பதில் தேடிய லூவன் கட்டுரைக்குக் கிடைத்ததைவிட, 90 சதவீதம் என்ற தலைப்புக்குத்தான் வெளிச்சம் அதிகம் கிடைத்தது.

சட்டங்களும் இப்போதைக்கு அந்த முதல் எண்ணைத்தான் கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி ஒழுங்குமுறை, லித்தியத்தில் 2027 இறுதிக்குள் 50 சதவீதமும் 2031 இறுதிக்குள் 80 சதவீதமும் மீட்க வேண்டும் என்கிறது. கோபால்ட்டுக்கு 90, பிறகு 95. இந்தியாவின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் வந்தன. அவையும் எடைக் கணக்கில்தான் இலக்கு வைக்கின்றன, படிப்படியாக ஏறி 2026-27 முதல் 90 சதவீதம். இந்த இலக்குகள் வேண்டியவைதான். இவை இல்லாவிட்டால் பேட்டரிகள் குப்பைமேட்டில்தான் கிடக்கும். ஆனால் இந்த 90-ஐ எட்ட எத்தனை லிட்டர் எதை ஊற்றினீர்கள், அது இப்போது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் அதே படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால், ஆலை வாசலில் நிற்பவர்களுக்கு மீன் வாடை வருவதற்கு முன்பே நமக்கு விஷயம் தெரிந்திருக்கும்.